கோதுமை ஆகாத மாப்பிள்ளை

8-1-79, திங்கள்

பனி. சைக்கிள் சீட் சொட்டச் சொட்ட. வேட்டி நுனியால் துடைத்து, அந்த ஈர நுனியோடேயே பள்ளிக்கூடம்.

புது நோட்டு இது. டாக்டர் சொல்லி வாங்கியது. ஆறு வாரத்துக்கு வாயில் போடுவதை எல்லாம் எழுத வேண்டும், எத்தனை தடவை போகிறது என்பதையும். முன்பக்கத்திலிருந்து அவருக்கு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எனக்கு. பிள்ளைகள் இப்படி எழுதினால் காதைத் திருகுவேன். இரண்டும் நடுவில் எங்காவது முட்டிக்கொள்ளும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சேலத்தில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர். பஞ்சாப் பக்கம் பல வருஷம் இருந்தவராம். பெரிய மீசை. வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அப்புறம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உடம்பு எப்போ தேறுது?"

"லீவுலீங்க."

"லீவுல என்ன சாப்பிடறீங்க?"

"ஊட்டுச் சோறுதானுங்க. கம்பு, சோளம், அரிசி."

"பள்ளிக்கூடத்துல?"

"உப்புமாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து மூட்டையில் வரும் கோதுமை ரவை. பிள்ளைகளுக்குப் போடுமுன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ருசியோடு நின்றவன் இல்லை. நான்கு வருஷமாகத் தினம் இரண்டு கரண்டி. அம்மாவுக்கு ஒரு வேளைச் சமையல் மிச்சம் என்று பெருமை வேறு.

கோதுமைதான் உன் குடலை அரிக்கிறது என்கிறார். வியாதிக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். சீலியாக். பள்ளிக்கூட அகராதியில் இல்லை. வடக்கே பார்த்திருக்கிறாராம், இந்தப் பக்கம் நான்தான் முதல் ஆள். முதல் என்பது எனக்கு இதில்தானா வாய்க்க வேண்டும்.

இதற்கு முன் மூன்று டாக்டர். மூவரும் ஒரே பாட்டு: சோற்றை நிறுத்து, ரொட்டி தின், ரஸ்க் தின், கோதுமைக் கஞ்சி குடி. குடித்தேன். எலும்பும் தோலுமாகிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ரொட்டி பாக்கெட் வாங்கி வந்தார்கள். பாசத்தோடு.

நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் மெட்ராசில் குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன் ஆறு வாரம் கோதுமை படாமல் இருந்து பார். நடுவில் ஒரு வாய் தின்றாலும் மறுபடி முதல் நாள். பிப்ரவரி 18 வரை.

எடை 44. வயது 29.

9-1-79, செவ்வாய்

மேகமூட்டம். வ.போ. ஐந்து தடவை. (வயிற்றுப்போக்கு என்று முழுசாக எழுதக் கூச்சம். என் நோட்டில் எனக்கே.)

தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் மோரும் கொண்டுபோனேன். சமையல் செய்யும் பாவாயி தட்டில் உப்புமாவை வைத்துக்கொண்டு வழக்கம் போல என் மேசைக்கு முன் வந்து நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாம் பாவாயி. எச்.எம். ருசி பார்க்கட்டும்."

"ஏனுங் சாமி, உப்பு எச்சாப் போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லை. எனக்கு ஆகலை."

"நாலு வருசமா ஆனது இன்னைக்கு ஆகலீங்களா." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் வகுப்பு எட்டிப் பார்த்தது. வாத்தியார் தின்னவில்லை என்றால் அதில் பல்லி விழுந்திருக்கும் என்று ஒரு வதந்தி, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள். பாதிப் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. அப்புறம் பாவாயியே எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஒரு தட்டு தின்று காட்ட வேண்டியதாயிற்று.

எச்.எம். சொன்னது, என் காதில் விழும்படி: "லீவு விட்டா தேறிக்குவாரு. பள்ளிக்கூடம் தொறந்தா படுத்துக்குவாரு. நல்ல சீக்குங்க அது." சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

11-1-79, வியாழன்

விட வேண்டியவை என்று டாக்டர் சொன்னது: கோதுமை, ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பிஸ்கட், பாட்டிலில் வரும் சத்துப் பொடிகள். தின்னக்கூடியவை: அரிசி, கம்பு, ராகி, சோளம், கிழங்கு, பருப்பு, மற்ற எல்லாம்.

பட்டியலைப் பார்த்தால் எங்கள் பாட்டன் பூட்டன் தின்றதெல்லாம் ஆகும், நான் படித்து வேலைக்குப் போய்த் தின்னக் கற்றுக்கொண்டது எதுவும் ஆகாது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கோதுமைல சீக்கா? பத்தியத்துக்குக் குடுக்கறதே அதைத்தானே சாமி." நம்பவில்லை. திருநீறு போட்டாள். மறுபடியும் கேட்டாள்: "அந்த டாக்டரு நெசமாலுமே டாக்டருதானா?"

பரோட்டா நினைப்பு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கல்லின் மேல் இரண்டு கையால் அடித்து நொறுக்குவார்களே, அந்தச் சத்தம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், போன வருஷம் நான் அதிகம் நேசித்தது அதைத்தான்.

14-1-79, ஞாயிறு

பொங்கல். நல்ல வெயில். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு. ஒரு நோம்பி முழுக்க எனக்கு ஆகும்! மூன்று தடவை வாங்கித் தின்றேன். வ.போ. இரண்டுதான். அம்மா கண்ணில் தண்ணீர், கேட்டால் புகை என்கிறாள்.

19-1-79, வெள்ளி

மறுபடி. வ.போ. ஆறு. வயிறு பானை மாதிரி உப்பி. நேற்றே ஆரம்பித்தது. கோதுமை துளிகூடத் தொடவில்லை, சத்தியமாக. அப்படியானால் டாக்டர் சொன்னது பொய். அப்படியானால் வேறு என்ன. டி.பி. என்று ஊரில் பேசுகிறார்களே, அதுதானோ.

நான்காம் வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஒரு பெண் திருத்தினாள். வெளியே அனுப்பிவிட்டேன் அவளை. அப்புறம் உள்ளே கூப்பிட்டு மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே பாடம்.

20-1-79, சனி

கண்டுபிடித்தேன்.

அம்மா ரசம் வைக்கும்போது கூடவே நின்றேன். "பொம்பளையாட்ட அடுப்படில என்ன உனக்கு" என்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புளி, மிளகு, சீரகம், பூண்டு. அப்புறம் ஒரு சின்ன மஞ்சள் டப்பா. பெருங்காயப் பொடி. பொங்கலுக்குப் புதுசாக வாங்கியதாம். முன்னே கூடைக்காரியிடம் வாங்கிய கட்டி தீர்ந்துவிட்டதாம்.

டப்பாவை எடுத்துக்கொண்டு எருமப்பட்டி மளிகைக் கடைக்கு மிதித்தேன். கடைக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பெருங்காயத்துல மாவு கலப்பாங்களாங்க?"

"கலக்காம? சுத்தக் கட்டி நாக்குல வெச்சாக் காந்தும், பொடியும் ஆவாதுங்க. கோந்து போட்டு, மாவு போட்டுத்தான் அரைப்பாங்க."

"என்ன மாவுங்க?"

"கோதுமை மாவுதான். மைதாவும் போடுவாங்க. ஏனுங் வாத்தியாரே, கடை ஏதாச்சும் வெக்கப்போறீங்களா?"

சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பெருங்காயத்தில் கோதுமை இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஒரு சிட்டிகைக்கே இந்தப் பாடு என்றால் இரண்டு கரண்டி உப்புமா என்ன செய்திருக்கும்.

ஆனால் மறுபடி முதல் நாளா? கார்டு போட்டுக் கேட்டேன்.

25-1-79, வியாழன்

டாக்டர் பதில் கார்டு, இரண்டு வரி. "பெருங்காயம்: நல்ல கண்டுபிடிப்பு. தொடருங்கள், 18-க்குப் பதில் மார்ச் 3 வந்து பாருங்கள்." மார்க் போட்ட மாதிரி இருந்தது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

28-1-79, ஞாயிறு

எடை 46½! மண்டித் தராசில், நிலக்கடலை மூட்டைக்கு அடுத்து நான் ஏறி நின்றேன்.

மாமன் வந்திருந்தார், அம்மாவின் தம்பி. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ். எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு நான்கு வருஷமாக அவருடையது. மூன்று இடம் என்னைப் பார்த்துவிட்டு "பையன் ஒல்லி" என்று தட்டிப்போயிற்று.

"இப்பத்தான் வண்டிக்குக் கொஞ்சம் பாடி ஏறியிருக்குது. சூட்டோட சூடா ஓட்டிப்போடணும்," என்றார் அம்மாவிடம். என்னிடம் இல்லை. வண்டியிடம் யாரும் கேட்பதில்லை.

இடம் ஜேடர்பாளையம். ஆற்றுப் பாசனம், கரும்பு, சொந்த வெல்ல ஆலை. பெண் தேவகி. பதினொன்றாவது முடித்தவள். தாய் இல்லை, அத்தைதான் வளர்த்தாளாம். போட்டோவில் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறாள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பது போல. எனக்குப் பிடித்தது.

"சீக்கு விசயம்?" என்றேன்.

"வாயத் தொறந்தயின்னா பாரு. கோதுமை, குடலுன்னு ஆரம்பிச்சா அவன் டீபின்னு நெனச்சுக்குவான். கண்ணாலம் முடியட்டும், பொறவு மெதுவாச் சொல்லிக்கலாம்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வேனா?

போட்டோ திரும்பக் கொடுக்க வேண்டும். மறந்த மாதிரி இருக்கிறேன்.

3-2-79, சனி

காற்று. வேப்பிலை முற்றம் முழுக்க.

திங்கட்கிழமை போகிறோம். பெண் பிடித்தால் அந்த வீட்டில் இலை போட்டுக் கை நனைக்க வேண்டும், அதுதான் சம்மதம். பிடிக்காவிட்டால் காபியோடு எழுந்துவிட வேண்டும். எனக்குப் பிடித்துவிட்டால்? கணக்குப் போட்டுவிட்டேன்: கேசரி வைப்பார்கள், வாயில் வைப்பது போல வைத்து ஓரமாக ஒதுக்கிவிடலாம். அப்புறம் சோறு வரும். சோற்றைக் கட்டு கட்டு என்று கட்டினால் கேசரியை யார் கவனிக்கப்போகிறார்கள்.

நாளை சட்டைக்குப் பொத்தான். சைக்கிள் பஞ்சர்.

5-2-79, திங்கள்

எல்லாம் கெட்டது. ஒழுங்காக எழுதுகிறேன்.

பரமத்தி வேலூர் தாண்டிக் காவிரி ஆற்றோரம் பஸ் போகிறது. தண்ணீர் பளபளவென்று. மனசு நன்றாக இருந்தது. அப்போது அம்மா மாமனிடம் சொன்னாள்: "நல்ல நாளாத்தான் பாத்திருக்கற. தைக் கிருத்திகை. அவுங்க ஊட்லயும் அரிசி ஆக்க மாட்டாங்க, பலகாரந்தான்."

கிருத்திகை. அரிசிக்கு விரதம், கோதுமைக்கு இல்லை. இதை எப்படி மறந்தேன். எங்கள் வீட்டிலேயே மாதாமாதம் கிருத்திகைக்குக் கோதுமை ரவை கிண்டி, மறுநாள் முழுக்க நான் கொல்லைக்கு நடப்பேன். முருகன் சோதிக்கிறான் என்பாள் அம்மா.

வீடு. வாசலில் வெல்லப் பாகு வாசனை. பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி, கை முழுக்கக் காய்ப்பு. மரியாதையான மனுஷன். தேவகி தண்ணீர் கொண்டு வந்தாள். மணிக்கட்டில் ஒரு தழும்பு, பாகு தெறித்ததாக இருக்கும். தலையைக் குனியவில்லை. போட்டோவில் பார்த்த அதே பார்வை, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பு. மாமன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஏழு தடவை ஆட்டியிருப்பேன்.

"எங்களுக்குத் திருப்திங்க," என்றார் மாமன்.

"அப்பறம் என்னுங்க, கை நனைச்சுப்போட்டுப் போலாம். வாத்தியாரு மாப்பிள்ளைன்னு பொண்ணு பூரி சுட்டிருக்குது. எங்களுக்கெல்லாம் இது பழக்கமில்லீங்க, உங்களுக்காவத்தான்," என்றார் பெண்ணின் அப்பா.

இலை. கேசரி. பூரி நான்கு. சேமியா பாயசம். கிழங்கு மசால், அதிலும் பெருங்காய வாசனை. வாழைப்பழம் ஒன்று. இலை முழுக்க எனக்கு ஆகக்கூடியது அந்தப் பழம் ஒன்றுதான்.

அவள் கதவு ஓரம் நின்றாள். நான் பூரியைப் பிய்த்தேன். பிய்த்துப் பிய்த்து ஓரமாக வைத்தேன். பழத்தைத் தின்றேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி தண்ணீர் குடித்தேன். பெருங்காயத்துக்குப் பிறகு எண்ணி இரண்டு வாரம். ஒரு வாய் போதும் எல்லாம் போக. தின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன், கேசரியை விரலால் தொட்டேன். அவள் முகத்தில் அந்த ஓரச் சிரிப்பு மெல்ல மறைந்ததைப் பார்த்தேன்.

எல்லாரும் எழும் நேரம். கேசரி இலையின் கிட்டப் பக்கத்தில், முழுசாக, நெய் மினுக்கிக்கொண்டு. அதை மறைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு. கிட்டப் பாதியைத் தூக்கி அந்தப் பக்கமாக மடித்து மூடிவிட்டேன்.

எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன். எழவு வீட்டில் மடிக்கிற மடிப்பு. விசேஷ வீட்டில் மேல்பாதியை நம் பக்கம் இழுத்து மடிக்க வேண்டும், உறவு நம்மோடு இருக்கட்டும் என்று. மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். கையை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தை இலை எடுக்க வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள். குனிந்தவள் குனிந்தபடியே. அப்புறம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவ்வளவுதான். வழியனுப்ப பஸ் வரை யாரும் வரவில்லை.

பஸ்ஸில் மாமன்: "தின்னாம எந்திரிச்சதே தப்பு. அதுல கருமாதி ஊட்டு மடிப்பு வேற. புள்ளைங்களுக்கு என்னடா சொல்லித் தர்ற நீ?"

தின்றது: பழம் 1.

6-2-79, செவ்வாய்

தூறல், தை மாதத்தில். எச்.எம். கேட்டார், "முடிஞ்சுதுங்களா?" முடிஞ்சுதுங்க என்றேன்.

பாவாயி உப்புமாத் தட்டோடு வரவில்லை. ஒரு மாதமாக என் மேசைப் பக்கமே வருவதில்லை. அவளிடமும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. போய்ச் சொன்னேன், வயிறு, கோதுமை, எல்லாம்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னுங்க சாமி? நான் என்ற கைதான் உங்களுக்கு ஆகலைன்னு நெனச்சுப்போட்டேன்."

ஒரு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

8-2-79, வியாழன்

மாமன் ஆளனுப்பினார். ஜேடர்பாளையத்துக்காரர் புக்கிங் ஆபீசுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம்: "புடிக்கலைன்னா வாயில சொல்லியிருக்கலாமுங்க. இலையில சொல்லியிருக்க வேண்டியதில்லை. புள்ள ரெண்டு நாளாச் சாப்பிடலை."

இந்தக் கடைசி வரி. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது, நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். என்னால் ஒருத்தி சாப்பிடவில்லை. சாப்பாட்டால் இவ்வளவு பட்டவன் நான், அதையே ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாமன் யோசனை: பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமாம். இன்னொரு பொய்யா. அம்மா: "சீக்குன்னு தெரிஞ்சா எவன் சாமி பொண்ணு குடுப்பான்?" வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அம்மா கோழிகளை அடைத்துவிட்டு, "உன்னையும் சேத்து அடைக்கணும்" என்றாள்.

வ.போ. ஒன்று. உடம்பு தேறுகிறது. அதுதான் கேலி.

9-2-79, வெள்ளி

நாளை இரண்டாம் சனி, பள்ளி இல்லை. போகிறேன். தனியாக. மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்குப் போவது எங்கும் வழக்கமில்லை, அதுவும் சனிக்கிழமை. அடித்தாலும் சரி. பெண் கேட்க இல்லை, இலைக்குப் பதில் சொல்ல.

அம்மாவிடம் நாமக்கல் போவதாகச் சொல்வேன். பொய் இல்லை, பஸ் அந்த வழிதான். சே, மறுபடி அதே பழக்கம். உள்ளதைச் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்புச் சாம்பலை வழித்து வெளியே கொட்டிவிட்டு வந்தாள். அப்புறம், "வெள்ளைச் சட்டை காயப்போட்டிருக்குது, எடுத்துக்கோ" என்றாள்.

10-2-79, சனி

பஸ்ஸில் பூசக் கூட்டம், பழனிக்கு. மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே போனேன். மூன்று தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பரமத்தியில் ஒரு தடவை இறங்கியேவிட்டேன், பிறகு அதே பஸ்ஸில் ஓடி ஏறினேன். கண்டக்டர் திட்டினார்.

அவர் ஆலைக்கொட்டாயில் இருந்தார். பெரிய கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கிறது, அழுக்கு நுரையை அள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நுரை அள்ளுவதை நிறுத்தவில்லை.

நின்றபடியே சொன்னேன். முழுசாக. உப்புமா, மூன்று டாக்டர், வ.போ. (அதைக்கூடச் சொன்னேன், பெரிய மனுஷரிடம்), பட்டாளத்து டாக்டர், கோதுமை, ரவை, மைதா, சேமியா. கடைப் பெருங்காயத்தில்கூட மாவு கலக்கிறார்கள், அதுவும் ஆகாது என்று. ஆறு வாரம். கிருத்திகை. இலை மடித்தது பதற்றத்தில், கேசரியை மறைக்க. மாமன் மறைக்கச் சொன்னதையும், நான் ஒத்துக்கொண்டதையும். "பிடிக்காம மடிக்கலீங்க. பிடிச்சதாலதான் பயந்துட்டேன்."

கொட்டாய்க்கு அந்தப் பக்கம், வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல். அதற்குள் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அவர் அகப்பையைச் சாய்த்து வைத்தார்.

"கோதுமை மட்டுந்தானுங்களா?"

"கோதுமை மட்டுந்தானுங்க."

"சோறு?"

"ஆகுமுங்க."

"கம்பு, ராகி?"

"எல்லாம் ஆகுமுங்க."

"அட, நாங்க வருசம் பூரா திங்கறது அதைத்தானுங்களே. இந்த ஊட்டுக்குள்ள கோதுமை வர்றதே கிருத்திகைக்கும் மாப்பிள்ளைக்குந்தான்." சிரிப்பு வருவது போல வந்து நின்றுவிட்டது. "ஒட்டற சீக்குங்களா?"

"இல்லீங்க."

"பொறக்கற கொழந்தைக்கு வருமுங்களா?"

இதை டாக்டரிடம் கேட்கவேயில்லை. தெரியாது. "தெரியாதுங்க. டாக்டரைக் கேட்டு, அவர் சொல்றதை அப்படியே வந்து சொல்றனுங்க."

அவர் கொப்பரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேட்டுப்போட்டு வாங்க. பொறவு பேசிக்கலாம். அது வேற, இது வேற. வெயில்ல வந்திருக்கறீங்க, சாப்பிட்டுப்போட்டுப் போங்க."

அத்தை இலை போட்டாள். முகம் இன்னும் இறுக்கம்தான். சோறு, கொள்ளுப் பருப்பு, கத்திரிக்காய். தின்றேன். நெசமாகவே பசி. நான்கு வருஷத்துப் பசி மாதிரி. அத்தை பார்த்துக்கொண்டேயிருந்தாள், ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுவது போல. இரண்டாம் சோறு போட்டாள். குழி பண்ணச் சொன்னாள், ரசப் பாத்திரத்தைச் சாய்த்தாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. இன்னொரு தடவை இந்த வீட்டில், இந்த அத்தையிடம், வேண்டாம் என்று எப்படி. கையை இலைக்கு மேல் நீட்டவும் துணிச்சலில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல். முதன்முதலாகக் கேட்கிறேன் அந்தக் குரலை.

"ரசம் ஊத்தாதீங்க அத்தை. அதுல கடைப் பெருங்காயம் போட்டிருக்குது. மோர் ஊத்துங்க."

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் மோர் வந்தது.

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார்கள். மோர்ச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை வழித்தேன். இலையை மடிக்கப் போய், கை நின்றுவிட்டது, எந்தப் பக்கம் என்று ஒரு கணம் சுத்தமாக மறந்துபோயிற்று.

"உங்க பக்கமா மடிங்க, வாத்தியாரே," என்றார் அவர்.

மடித்தேன். இனி எழுத இடமில்லை, நோட்டு முட்டிவிட்டது. எதிரில் தலைகீழாகத் தெரிவது டாக்டரின் பக்கம், அங்கே இன்றைக்கு எழுதியது: சோறு, கொள்ளு, கத்திரிக்காய், மோர். ரசம் இல்லை.